ஃப்ரீக்வென்சி வேற, ஹெர்ட்ஸ் வேற!



மெஷின்ஸ் லேப் வைவாவில் எக்ஸ்டர்னல் நம்மைப் பயமுறுத்தக் கூடாது என்று நினைத்து முதலில் ஒரு ஈசியான கேள்வி கேட்பார். "ஃப்ரீக்வென்சின்னா என்னப்பா?" நம்ம வாயில் யோசிக்காமலே பதில் வந்து விழும்: "50 ஹெர்ட்ஸ் சார்!"

கொஞ்சம் நில்லுங்க. "உன் உயரம்னா என்ன?" என்று கேட்டால் "சென்டிமீட்டர் சார்" என்று சொல்வோமா? "எடைன்னா என்ன?" என்று கேட்டால் "60 கிலோ சார்" என்று சொல்வோமா? சொல்ல மாட்டோம். ஆனால் கரண்ட் விஷயத்தில் மட்டும் அளக்கப்படும் பொருளையும் அளக்கும் கோலையும் போட்டுக் குழப்பிக்கிறோம். "இங்க ஹெர்ட்ஸ் கம்மியா வருது", "இந்த மோட்டார் 50 ஃப்ரீக்வென்சி" என்று தினமும் காதில் விழுகிறது.

பேச்சு வழக்குதானே, விட்டுடலாமே என்று தோணும். பேச்சில் விட்டுடலாம். ஆனால் இந்த ரெண்டும் ஒண்ணுதான் என்று மூளையில் பதிந்துவிட்டால், மின்சாரத்தில் நடக்கிற ஒரு பெரிய விஷயம் நம் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். அது என்ன என்று பார்க்கலாம் வாங்க.

மூணு விஷயம், மூணு பெயர்

நம்ம வீட்டு பிளக்கில் வருவது ஏசி சப்ளை. வோல்டேஜ் பூஜ்யத்திலிருந்து ஏறி உச்சிக்குப் போய், இறங்கி, எதிர்ப்பக்கம் அதே அளவு போய், மறுபடி பூஜ்யத்துக்கு வரும். இது ஒரு சைக்கிள். ஒரு வினாடியில் எத்தனை சைக்கிள் என்பதுதான் ஃப்ரீக்வென்சி. ஸ்கூல் புத்தகத்தில் நாம் படித்த அதிர்வெண் இதுதான். இது ஒரு அளவு, அதாவது அளக்கப்படும் பண்பு.

அதை அளக்கும் கோலின் பெயர் ஹெர்ட்ஸ். வினாடிக்கு ஒரு சைக்கிள் என்றால் ஒரு ஹெர்ட்ஸ். இது அலகு, அதாவது யூனிட்.

50 என்பது மதிப்பு. அந்தக் கோலை வைத்து அளந்தபோது கிடைத்த எண்.

அவ்ளோதான். அளவு, அலகு, மதிப்பு என்று மூணு தனித்தனி ஆட்கள். "இந்தியாவில் மின்சாரத்தின் ஃப்ரீக்வென்சி 50 ஹெர்ட்ஸ்" என்ற ஒரு வாக்கியத்தில் மூணு பேரும் அவங்கவங்க இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்தக் குழப்பத்தில் நமக்கு ஏற்கெனவே நல்ல பழக்கம் உண்டு. ஈபி பில் வந்ததும் வீட்டில் என்ன கேட்பாங்க? "இந்தத் தடவை எத்தனை யூனிட் ஓடியிருக்கு?" ஓடியது ஆற்றல். அதன் அலகு கிலோவாட்-மணி. அந்த அலகின் பெயர்கூட நம்ம வாயில் வராமல் வெறும் "யூனிட்" ஆகிவிட்டது. ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் என்றால் 100 கிலோவாட்-மணி ஆற்றல் இலவசம் என்று அர்த்தம். எஃப்எம் ரேடியோவில் இன்னும் மோசம். கொடைக்கானல் பண்பலை "100.5" என்போம். அலகையே தூக்கி எறிந்துவிட்டோம். அது 100.5 மெகாஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 10 கோடியே 5 லட்சம் சைக்கிள்.

யார் இந்த ஹெர்ட்ஸ்?

ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் ஜெர்மனியைச் சேர்ந்த இயற்பியலாளர். 1857-ல் பிறந்தவர். மின்காந்த அலைகள் இருந்தாக வேண்டும் என்று மேக்ஸ்வெல் கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார். அந்த அலைகளை 1880-களின் கடைசியில் ஆய்வகத்தில் உண்டாக்கி, பிடித்துக் காட்டியவர் ஹெர்ட்ஸ். 1894-ல் இறந்தபோது அவருக்கு வயது 36 தான்.

அவர் உண்டாக்கிய அலைகளின் ஃப்ரீக்வென்சி வினாடிக்குப் பல கோடி சைக்கிள். நம்ம 50-க்கும் அவருக்கும் நேரடிச் சம்பந்தமே கிடையாது! அவர் காலத்தில் "வினாடிக்கு இத்தனை சைக்கிள்" என்றுதான் சொல்வார்கள். பழைய மோட்டார்களின் நேம்பிளேட்டில் இன்றைக்கும் "50 சைக்கிள்ஸ்" என்று பார்க்கலாம். பிறகு அவர் நினைவாக இந்த அலகுக்கு ஹெர்ட்ஸ் என்று பெயர் வைத்தார்கள். 1960-ல் எஸ்ஐ அலகு முறை வந்தபோது அதிலும் இடம் பிடித்தது.

இதிலிருந்து ஒண்ணு புரியுது இல்லையா? ஹெர்ட்ஸ் என்ற பெயர் வருவதற்கு முன்பும் ஃப்ரீக்வென்சி இருந்தது. நாளைக்கே பெயரை மாற்றினாலும் ஃப்ரீக்வென்சி மாறாது. அளவு இயற்கையினுடையது, அலகு மனிதன் வைத்தது.

சுத்துறது ஒண்ணு, எண் மூணு

மேட்டூர் அனல்மின் நிலையத்துக்குப் போனால் அங்கே டர்பைனோடு சேர்ந்து ஜெனரேட்டரின் ரோட்டார் நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றும். அது ரெண்டு துருவ ரோட்டார். ஒரு சுற்றுக்கு ஒரு சைக்கிள். 3000-ஐ 60-ஆல் வகுத்தால் 50. நம்ம ஃப்ரீக்வென்சி பிறக்கும் இடம் இதுதான்.

நமக்குத் தெரிந்த ஃபார்முலாதான்: ஃப்ரீக்வென்சி = துருவங்களின் எண்ணிக்கை × ஆர்பிஎம் ÷ 120. நீர்மின் நிலையத்தில் தண்ணீர் விசையாழி மெதுவாகச் சுற்றும். 20 துருவம் வைத்து 300 ஆர்பிஎம்மில் சுற்றினாலும் வருவது அதே 50 தான்.

இப்போது அந்த ரெண்டு துருவ ரோட்டாரையே பாருங்க. அதன் வேகத்தை 3000 ஆர்பிஎம் என்று சொல்லலாம். வினாடிக்கு 50 சுற்று என்று சொல்லலாம். கோணக் கணக்கில் வினாடிக்கு 314 ரேடியன் என்றும் சொல்லலாம். சுற்றுவது ஒரே ரோட்டார்தான். பரீட்சையில் ஒமேகா போட வேண்டிய இடத்தில் 50-ஐப் போட்டு இண்டக்டிவ் ரியாக்டன்ஸ் கண்டுபிடித்தால், விடை 6.28 மடங்கு குறைந்து போகும். யூனிட்டைக் கவனிக்காததற்குக் கட்டும் அபராதம் அது.

தலைகீழாகவும் நடக்கும். ஒரே அலகு, வேற வேற ஃப்ரீக்வென்சி. ஊர் முனையில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் போனால் "ம்ம்ம்" என்று ஒரு இரைச்சல் கேட்கும். சப்ளை 50 ஹெர்ட்ஸ். ஆனால் அந்த இரைச்சலின் அடிப்படை ஃப்ரீக்வென்சி 100 ஹெர்ட்ஸ். காரணம், உள்ளே இருக்கும் இரும்புக் கோர் ஒரு சைக்கிளில் ரெண்டு தடவை நீண்டு சுருங்குகிறது. ரெண்டுக்கும் யூனிட் ஹெர்ட்ஸ்தான், ஆனால் ஒன்று வோல்டேஜின் ஃப்ரீக்வென்சி, இன்னொன்று அதிர்வின் ஃப்ரீக்வென்சி.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். ஹெர்ட்ஸ் என்றால் "வினாடிக்கு ஒன்று". கதிரியக்கத்தை அளக்கும் பெக்கெரலும் "வினாடிக்கு ஒன்று" தான்! அப்புறம் எதுக்கு ரெண்டு பெயர்? ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் நிகழ்வுக்கு மட்டும் ஹெர்ட்ஸ். எப்போ சிதையும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத அணுக்களுக்கு பெக்கெரல். அலகை மட்டும் பார்த்து அளவைக் கண்டுபிடித்துவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ஒரே தோட்டம், மூணு ஃப்ரீக்வென்சி

இப்போ எருமப்பட்டிக்கு வருவோம். ஒரு பக்கம் கொல்லிமலை, இன்னொரு பக்கம் கோழிப்பண்ணைகள், நடுவில் ஆழ்துளைக் கிணற்றை நம்பி ஓடும் விவசாயம். இப்படி ஒரு தோட்டத்தைக் கற்பனை பண்ணிக்கோங்க. ஈபி லைனில் ஓடும் ஒரு சப்மெர்சிபிள் மோட்டார் இருக்கு. கொஞ்சம் தள்ளி, வேளாண் பொறியியல் துறை மானியத்தில் போட்ட சோலார் பம்பு, அதிலும் ஏசி மோட்டார். தோட்டத்து வீட்டில் ஒரு இன்வெர்ட்டர்.

காலை எட்டு மணி. ஈபி மோட்டாருக்கு வருவது கிரிட்டின் ஃப்ரீக்வென்சி, 49.98 என்று வைத்துக்கொள்வோம். சோலார் பம்பின் கண்ட்ரோலர் டிஸ்ப்ளேயில் 30 என்று காட்டுகிறது. வெயில் ஏற ஏற அந்த எண்ணும் ஏறும். வீட்டில் கரண்ட் போய்விட்டதால் இன்வெர்ட்டர் தானே ஒரு 50-ஐ உண்டாக்கி ஃபேனை ஓட்டிக்கொண்டிருக்கிறது. ஒரே தோட்டம், மூணு ஃப்ரீக்வென்சி. மூணுக்கும் யூனிட் ஹெர்ட்ஸ். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

சோலார் பம்பு வைத்திருப்பவர்கள் "ஹெர்ட்ஸ் ஏறட்டும், அப்புறம்தான் தண்ணி வரும்" என்பார்கள். அவங்க சொல்றது நூத்துக்கு நூறு உண்மை. காரணம் இதுதான். 30 ஹெர்ட்ஸில் மோட்டாரின் வேகம், 50 ஹெர்ட்ஸில் இருக்கும் வேகத்தில் ஏறத்தாழ 60 சதவீதம். பம்பு தண்ணீரை எவ்வளவு உயரத்துக்குத் தள்ளும் என்பது வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 0.6-இன் வர்க்கம் 0.36. ஆக, தூக்கும் உயரம் மூணில் ஒரு பங்கு அளவுக்கு வந்துவிடும். ஆழமான போரில் அந்த உயரம் போதாது. மோட்டார் ஓடும், தண்ணீர் மேலே வராது! அந்த டிஸ்ப்ளேயில் ஏறுவது ஃப்ரீக்வென்சி. எண்ணுக்குப் பக்கத்தில் எழுதியிருப்பது ஹெர்ட்ஸ்.

50 என்பது இலக்கு மட்டுமே

"50 ஹெர்ட்ஸ்" என்பதை மின்சாரத்தின் பெயர் மாதிரி மனப்பாடம் பண்ணினால் நாம் தவறவிடும் அந்தப் பெரிய விஷயத்துக்கு இப்போ வருவோம். கிரிட்டின் ஃப்ரீக்வென்சி ஒரு நிலையான எண் கிடையாது. ஒவ்வொரு வினாடியும் அசைந்துகொண்டே இருக்கும்.

காரணம் எளிது. மின்சாரத்தைப் பெரிய அளவில் தேக்கி வைக்க இன்னும் நமக்குப் போதிய வசதி இல்லை. எந்த நொடியில் எவ்வளவு செலவாகிறதோ, அந்த நொடியில் அவ்வளவு உற்பத்தியாக வேண்டும. செலவு கூடினால், குறையும் ஆற்றலை ரோட்டார்கள் தங்கள் சுழற்சியிலிருந்து எடுத்துக் கொடுக்கும். அதனால் வேகம் இறங்கும், ஃப்ரீக்வென்சியும் இறங்கும். உற்பத்தி கூடிவிட்டால் வேகம் ஏறும். ஏற்றத்தில் மாட்டுவண்டி மெதுவாவதும் இறக்கத்தில் ஓட ஆரம்பிப்பதும் மாதிரிதான்.

அதனால் கிரிட்டின் நாடித்துடிப்பு ஃப்ரீக்வென்சிதான். இன்றைய இந்திய மின்தொகுப்பு விதிகள் அதை 49.90-லிருந்து 50.05 ஹெர்ட்ஸுக்குள் வைத்திருக்கச் சொல்கின்றன. நம்ம அப்பா காலத்தில் இப்படி இல்லை. 1990-களின் கடைசியில் தென்மாநில கிரிட்டில் பீக் நேரத்தில் 48.5-க்கும் கீழே இறங்குவது சர்வசாதாரணம். 48.5 என்றால் வெறும் 3 சதவீதம்தானே குறைவு? பம்புக் கணக்கைப் போடுங்க. தண்ணீர் அளவு 3 சதவீதம் குறையும், தூக்கும் உயரம் 6 சதவீதம் குறையும். மின்நிலையத்தில் டர்பைனின் பிளேடுகளுக்கு அது இன்னும் பெரிய ஆபத்து.

இதைச் சரிசெய்யக் கொண்டுவந்த வழி சுவாரஸ்யமானது. ஃப்ரீக்வென்சிக்கே விலை போட்டார்கள்! ஏபிடி என்ற கட்டண முறை தென்மண்டலத்தில் 2003 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒரு மாநிலம் ஒப்புக்கொண்டதைவிட அதிகமாகக் கரண்ட் இழுத்தால், அந்த நேரத்து ஃப்ரீக்வென்சியைப் பார்த்து விலை. 50.5 ஹெர்ட்ஸ் இருந்தால் கட்டணம் பூஜ்யம். ஃப்ரீக்வென்சி இறங்க இறங்க விலை ஏறும். கிரிட் தவிக்கும்போது இழுத்தால் பணம் அதிகம். அதற்குப் பிறகு ஃப்ரீக்வென்சி ஒழுங்குக்கு வர ஆரம்பித்தது.

2020 ஏப்ரல் 5 ஞாபகம் இருக்கா? இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிஷம் வீட்டு விளக்குகளை எல்லாரும் அணைத்தோம். நாடு முழுக்கத் தேவை ஏறத்தாழ 31 ஆயிரம் மெகாவாட் சரிந்தது. நீர்மின் நிலையங்களை வேகமாக இறக்கி, பிறகு வேகமாக ஏற்றிச் சமாளித்தார்கள். அந்த நேரத்தில் ஃப்ரீக்வென்சி 49.70-க்கும் 50.26-க்கும் இடையில் ஆடியது. அன்றைக்கும் பாடப்புத்தகத்தில் "50 ஹெர்ட்ஸ்" என்றுதான் இருந்தது!

இங்கே ஒரு எச்சரிக்கை. தோட்டத்தில் மோட்டார் காயில் எரிந்தால் உடனே "ஃப்ரீக்வென்சி பிரச்சனை" என்று தீர்ப்பு சொல்லிடாதீங்க. இப்போதைய கிரிட்டில் அதற்குப் பெரும்பாலும் காரணம் லோ வோல்டேஜ், அல்லது மூணு ஃபேஸில் ஒன்று போய்விடுவது. வோல்டேஜ் ஊருக்கு ஊர், லைனுக்கு லைன் மாறும். ஃப்ரீக்வென்சி அப்படி மாறாது. கிரிட் முழுவதுக்கும் ஒன்றுதான்.

ஒரே யூனிட், ரெண்டு துடிப்பு

"கிரிட் முழுவதுக்கும் ஒன்று" என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று 2012-ல் தெரிந்தது. ஜூலை 30 அதிகாலை வடக்கு கிரிட் விழுந்தது. மறுநாள் 31-ந் தேதி மதியம் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு என்று மூணு கிரிட்டும் சேர்ந்து விழுந்தன. 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதி இருளில் மூழ்கியது. ஓடிக்கொண்டிருந்த ரயில்கள் அப்படியே நின்றன.

நாமக்கல்லில் கரண்ட் இருந்தது. ஏன்? அன்றைக்குத் தென்மண்டல கிரிட் மற்றவற்றோடு ஏசி லைனில் சேர்ந்திருக்கவில்லை. தால்ச்சர்-கோலார், பத்ராவதி, காஜுவாக்கா ஆகிய டிசி இணைப்புகள் வழியாகத்தான் மின்சாரம் வந்தது. டிசிக்கு ஃப்ரீக்வென்சி கிடையாது. அதனால் மின்சாரம் கடந்து வரும், ஆனால் துடிப்பு கடந்து வராது. வடக்கிலிருந்து வந்துகொண்டிருந்த மின்சாரம் நின்றதால் நம்ம பக்க ஃப்ரீக்வென்சியும் சரிந்தது. ஆனால் கிரிட் விழவில்லை.

அதாவது அன்றைக்கு இந்தியாவில் ரெண்டு ஃப்ரீக்வென்சி இருந்தது. ரெண்டையும் ஹெர்ட்ஸில்தான் அளந்தார்கள். ரெண்டின் இலக்கும் 50 தான். யூனிட் ஒன்று என்பதால் ஃப்ரீக்வென்சியும் ஒன்று என்று நினைத்திருந்தால் நாமக்கல்லில் எப்படி விளக்கு எரிந்தது என்பதையே விளக்க முடியாது.

2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்-சோலாப்பூர் 765 கேவி லைன் வழியாகத் தெற்கும் மற்ற கிரிட்டுகளோடு சேர்ந்தது. அன்றிலிருந்து எருமப்பட்டி மோட்டாரும் டெல்லி மெட்ரோவுக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டரும் ஒரே தாளத்தில் துடிக்கின்றன. லாபம் என்ன? நம்ம ஊர் காற்றாலைக் கரண்ட்டை வடக்குக்கு அனுப்பலாம், பற்றாக்குறை என்றால் அங்கிருந்து வாங்கலாம். பொறுப்பும் சேர்ந்தே வந்தது. எங்கோ ஒரு பெரிய மின்நிலையம் நின்றால் அதன் சரிவு நம்ம பிளக் பாயிண்ட்டிலும் தெரியும்.

கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை. அங்கேயும் 50 ஹெர்ட்ஸ்தான். ஆனால் அந்த கிரிட் தனி. 2025 பிப்ரவரி 9 அன்று பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததில் தொடங்கி நாடு முழுக்கக் கரண்ட் போனது என்று அந்நாட்டு அமைச்சரே சொன்னார். சின்ன கிரிட்டில் ஃப்ரீக்வென்சி எவ்வளவு வேகமாக ஆடும் என்பதற்கு அது சாட்சி. ராமேஸ்வரத்தில் விளக்கு கொஞ்சமும் மினுங்கவில்லை. அலகு ஒன்று, இலக்கு ஒன்று, துடிப்பு வேற.

நாலு மில்லிஹெர்ட்ஸ் செய்த வேலை

0.01, 0.02 எல்லாம் ஒரு வித்தியாசமா என்று கேட்கிறவர்களுக்காக ஒரு கணக்கு. 2018 தொடக்கத்தில் ஐரோப்பாவில் செர்பியா, கொசோவோ பக்கம் நடந்த தகராறில் கிரிட்டுக்கு வர வேண்டிய மின்சாரம் குறைந்தது. ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை சராசரி ஃப்ரீக்வென்சி 49.996 ஹெர்ட்ஸ். குறைவு வெறும் 0.004.

கிரிட்டின் துடிப்பை எண்ணி நேரம் காட்டும் கடிகாரங்கள் அங்கே அடுப்பிலும் அலாரத்திலும் இன்னும் உண்டு. 0.004-ஐ 50-ஆல் வகுத்தால் 0.00008. ஒரு நாளைக்கு 86,400 வினாடி. பெருக்கினால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 7 வினாடி பின்னடைவு. 50 நாளில்? 346 வினாடி, கிட்டத்தட்ட ஆறு நிமிஷம். நிஜத்திலும் அந்தக் கடிகாரங்கள் ஏறத்தாழ ஆறு நிமிஷம் பின்தங்கிப் போயின. அவங்க ஊரில் பல பேர் பஸ்ஸைத் தவறவிட்டிருப்பார்கள்!

சரி, வைவாவுக்கு வருவோம். இனி யாராவது கேட்டால் இப்படிச் சொல்லுங்க: "ஒரு வினாடியில் நடக்கும் சைக்கிள்களின் எண்ணிக்கை ஃப்ரீக்வென்சி. அதை ஹெர்ட்ஸ் என்ற அலகில் அளக்கிறோம். நம் கிரிட்டில் அதன் இலக்கு மதிப்பு 50." மூணு வரிதான். "இப்போ எவ்வளவு இருக்கு?" என்று அவர் அடுத்த கேள்வி கேட்டால் அசந்துடாதீங்க. கிரிட் இந்தியா இணையதளத்தில் நாட்டின் இந்த நேரத்து ஃப்ரீக்வென்சி ஓடிக்கொண்டே இருக்கும். இன்னைக்கு சாயங்காலம் ஆறரைக்கு, ஊரெல்லாம் லைட் போடுற நேரத்தில், ஒரு பத்து நிமிஷம் அதைத் திறந்து வெச்சுப் பாருங்க. தசமப் புள்ளிக்குப் பிறகு இருக்கும் அந்த ரெண்டு இலக்கம் சும்மா நிக்கவே நிக்காது.